தீபாவளிக் கூட்டமும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி நெருங்கும்போது ஜவுளிக்கடை ஊழியர்கள், பட்டாசுத் தொழிலாளர்கள், டெலிவரி பையன்கள் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வரும். நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கூடாது, பட்டாசு வாங்கக் கூடாது என்கிறீர்களா?

இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை புதுத்துணி என்று இருக்கிற வீடுகள் இன்னும் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு சட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குத் தெரியும். அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

நான் சொல்வது வேறு. ஒரு வருஷத்து வியாபாரத்தில் பெரும் பங்கை இருபது நாளுக்குள் திணிக்கிறோம். அதிலும் பாதியைக் கடைசி வாரத்தில் திணிக்கிறோம். ஒரு செட் போதும் என்று கிளம்பிப் போய், தள்ளுபடி என்றதும் நாலு செட்டாகத் தூக்கி வருகிறோம். இந்த அவசரத்தின் சுமை யாரோ சிலருடைய கால்களிலும் நுரையீரலிலும் தூக்கத்திலும் போய் இறங்குகிறது.

கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்படி என்ன கஷ்டம்? ஏசியில்தானே நிற்கிறார்கள்?

நிற்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

சேலைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஒரு குடும்பம் வந்து உட்காருகிறது. நமக்கு நாற்காலி உண்டு, அவளுக்குக் கிடையாது. மேல் அடுக்கிலிருந்து ஒரு கட்டு எடுக்கிறாள். ஒவ்வொரு சேலையாகப் பிரித்து முந்தி காட்டி, பார்டர் காட்டி, ரவிக்கைத் துண்டு எங்கே இருக்கிறது என்றும் காட்டுகிறாள். "இதே டிசைன்ல வேற கலர் இருக்காம்மா?" இன்னொரு கட்டு. "கொஞ்சம் விலை கம்மியா?" இன்னொரு கட்டு. நாற்பது சேலை பார்த்து ஒன்று எடுத்தாலும் சரி, எதுவுமே எடுக்காமல் எழுந்து போனாலும் சரி, பிரித்த அத்தனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து, கவரில் போட்டு, விலைச் சீட்டு வெளியே தெரிகிற மாதிரி அடுக்க வேண்டும். மடித்து முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் உட்கார்ந்துவிடும். வாடிக்கையாளர் ஒன்றும் வாங்காமல் போனால் சூப்பர்வைசர் அவளைத்தான் கேட்பார். சும்மா நின்றாலும் கேள்வி, தூணில் சாய்ந்தாலும் கேள்வி. மேலே கேமரா இருக்கிறது.

சாப்பாடு முறை வைத்து. சீசனில் அந்த முறையும் தள்ளிப் போகும். மதியச் சாப்பாடு நாலு மணிக்குக் கிடைப்பது சாதாரணம். கழிப்பறை வேறொரு மாடியில் இருக்கும், லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று இருக்கும், கவுண்டரை விட்டுப் போக அனுமதி கேட்க வேண்டும். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது. மாதவிடாய் நாட்களில் என்ன பாடு என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மாலைக்குள் கணுக்கால் வீங்கும், செருப்பு பிடிக்கும். வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கும். குதிகால் வலியை இவர்களில் பலர் நோயாகவே கருதுவதில்லை.

தி.நகர் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை பக்கத்துக் கடைகளில் நிற்பவர்களில் பெரும் பங்கு திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாதிரி மாவட்டங்களின் மானாவாரி ஊர்களிலிருந்து வந்தவர்கள். கடையே ஹாஸ்டலும் மெஸ்ஸும் வைத்திருக்கும். வேலை போனால் அன்றைக்கே தங்க இடமும் போய்விடும். எதிர்த்துக் கேட்க அவர்கள் தயங்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

உட்காரும் உரிமைக்குத்தான் சட்டம் வந்துவிட்டதே?

வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர்கள் எல்லோருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம்.

இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. முதலில் போராடி வாங்கியவர்கள் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜி என்ற தையல்காரப் பெண், கடைப் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை என்பதிலிருந்து தொடங்கினார். 'பெண்கூட்டு' அப்படித்தான் உருவானது. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் ஊழியர்கள் 2014 கடைசியில் தொடங்கி நூறு நாளுக்கு மேல் போராட்டத்தில் இருந்தார்கள். கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருஷம் கழித்து நம் ஊருக்கு வந்தது.

சரி, நடைமுறை? சில கடைகளில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்திருக்கும் ஊழியரைத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பார்க்க முடிந்தால் சந்தோஷம். சட்டத்தில் உள்ள 'வாய்ப்புக் கிடைக்கும்போது' என்ற சொல்லில்தான் சிக்கல். கூட்டம் குறையாத வரை அந்த வாய்ப்பு வருவதே இல்லை. அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவர்.

எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்?

1947ஆம் வருஷத்து இதே சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் கொஞ்சம் வாங்கலாம், ஆனால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு. 2019இல் 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று அரசு அனுமதித்தபோதும், ஊழியரின் வேலை நேரத்துக்கு வரம்பும் வார விடுமுறையும் நிபந்தனைகளாகவே இருந்தன.

காலை ஒன்பதுக்குள் கவுண்டருக்கு வந்து, இரவு பத்தரை, பதினொன்றுக்கு ஷட்டர் இறங்கிய பிறகு சரக்கு அடுக்கிவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். பல கடைகளில் சீசன் முடியும் வரை வார விடுமுறையே கிடையாது. தீபாவளிக்கு முந்தைய நாள் நள்ளிரவு வரை விற்றுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் போய்ச் சேரும்போது வீட்டில் எண்ணெய்க் குளியல் முடிந்து, பலகாரமும் ஆறியிருக்கும். ஊருக்கே துணி எடுத்துக் கொடுத்தவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பண்டிகை பாதிதான் கிடைக்கிறது.

சீசனில்தானே அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறது? போனஸ் உண்டே?

கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. போனஸை நம்பித்தான் பல வீடுகளில் பள்ளிக் கட்டணமும் அடகு நகையும் இருக்கின்றன. ஆனால் போனஸ் முதலாளி மனம் குளிர்ந்து போடும் இனாம் கிடையாது. அதற்கு 1965இலேயே சட்டம் வந்துவிட்டது, குறைந்தது 8.33 சதவீதம் என்பது பிறகு விதியானது. வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்தாலே அதற்குத் தகுதி வந்துவிடுகிறது. அதைக் காட்டி ஓவர்டைம் பணத்தை மறைப்பது கணக்கில் சேராது. சீசனுக்கு மட்டும் சேர்க்கப்படும் தற்காலிக ஆட்களோ, நாள்கூலி வாங்கிக்கொண்டு எந்தப் பதிவேட்டிலும் பேர் இல்லாமல் போய்விடுகிறார்கள்.

பட்டாசு விபத்துகளுக்கும் நாம் கடையில் வாங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

2023 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12.

அக்டோபர் 7: ஓசூரைத் தாண்டியதும் கர்நாடக எல்லைக்குள் வரும் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பிடித்தன. லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம். முதலில் 14 பேர் என்றார்கள், சிகிச்சையில் இருந்தவர்களும் இறக்க எண்ணிக்கை கூடியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி மாவட்டத்து இளைஞர்கள். அவர்களில் மாணவர்களும் உண்டு. சீசன் வேலை, சில வாரம் பார்த்தால் கையில் காசு என்று கிளம்பிப் போன பிள்ளைகள். தருமபுரி மாவட்டத்தில் அம்மாப்பேட்டை என்ற ஒரே ஊருக்குப் பல உடல்கள் வந்தன.

இரண்டு நாள் கழித்து அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 17ஆம் தேதி சிவகாசிப் பக்கம் ஒரே நாளில் இரண்டு விபத்துகள், 14 பேர் பலி, பெரும்பாலும் பெண்கள். பத்து நாளுக்குள் இத்தனையும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்ததும் தீபாவளி உற்பத்தி உச்சத்தில் இருந்தபோதுதான்.

சம்பந்தம் எங்கே என்றால், ஆர்டர் குவிகிற நேரத்தில் மீறப்படும் விதிகளில். ஒரு அறையில் நாலு பேர்தான் வேலை பார்க்கலாம் என்று இருக்கும், எட்டுப் பேர் உட்காருவார்கள். அறைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும் என்று இருக்கும், மரத்தடியிலும் கொட்டகையிலும் சரக்கு பரப்பி வேலை நடக்கும். உரிமம் ஒருவர் பேரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்கு எடுத்தவர் போட்ட காசைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். கூலி எண்ணிக்கைக்குத்தான் என்பதால் தொழிலாளியும் வேகத்தைக் கூட்டுவார். அப்புறம் வெடிமருந்துக் கலவை. அன்றன்று கலந்ததை அன்றன்றே தீர்க்க வேண்டும். மிச்சம் வைத்தால் ராத்திரி ஈரம் ஏறி, காலையில் கை வைக்கும்போது வெடிக்கும் ஆபத்து உண்டு. கலப்பவருக்கு இது தெரியாமல் இல்லை. நாளைக்கு எவ்வளவு சரக்கு போக வேண்டும் என்ற கணக்குதான் அவரை மிச்சம் வைக்கச் செய்கிறது.

செய்தியில் 'உராய்வு காரணமாக' என்று ஒரு வரி வரும். நிவாரணத் தொகை அறிவிப்பார்கள். அம்மாவும் அப்பாவும் ஒரே ஆலையில் போன பிள்ளைகள் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கென்றே அரசு தனி நிதி அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் எண்ணிக்கையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் பட்டாசே வேண்டாம் என்று விட்டுவிட்டால் அவர்கள் பிழைப்பு?

இந்தக் கேள்விக்கு எளிய பதில் என்னிடம் இல்லை. வானம் பார்த்த பூமி அது. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும்தான் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் உலை வைக்கின்றன. ஒரே நாளில் நிறுத்துவது அவர்களைத் தெருவில் விடுவதாகும். ஆனால் 'அவர்கள் பிழைப்பு' என்று சொல்லிக்கொண்டு உரிமமில்லாத வீட்டுத் தயாரிப்பை, பாதி விலை என்று வாங்கிவந்து வெடிப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. கொஞ்சமாக வாங்குங்கள், உரிமம் உள்ள கடையில் பில்லோடு வாங்குங்கள். விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால், அந்தக் குறைவு பாதுகாப்பிலிருந்தோ கூலியிலிருந்தோ வெட்டியதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மறுநாள் காலை தெருவில் கிடக்கும் குப்பையையும் ஒருவர் அள்ள வேண்டும். சென்னையில் பட்டாசுக் குப்பையைத் தனியாகப் பிரித்து, அபாயக் கழிவு என்று கும்மிடிப்பூண்டிக்கு லாரி லாரியாக அனுப்புகிறார்கள். அதை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கும் அன்றைக்குப் பண்டிகைதான்.

ஆன்லைனில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?

கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கடையில் நிற்கும் பெண்ணுக்குப் பதில் கிடங்கில் ஸ்கேனரோடு நடக்கும் ஒருவர், மழையில் வண்டி ஓட்டும் ஒருவர். பண்டிகை நாட்களில் இத்தனை ஆர்டர் முடித்தால்தான் ஊக்கத்தொகை என்று ஆப்பில் இலக்கு வைப்பார்கள். இரண்டு ஆர்டர் குறைந்தாலும் அந்தத் தொகை மொத்தமாகப் போய்விடும். ஐப்பசி அடைமழையில் சிக்னலைத் தாண்டிப் பறக்கும் பையனைத் திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் ஒரு நலவாரியம் அமைக்கப்பட்டது. உங்களுக்குத் தெரிந்த டெலிவரி தம்பி யாராவது இருந்தால் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

மூன்று அளவில் வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். ஒவ்வொன்றும் அவர்கள் மாடிப்படி ஏறுகிற இன்னொரு தடவை.

இது நம் ஊர்க் கோளாறுதானா?

இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விற்பனை தொடங்கும் நாளைக் கறுப்பு வெள்ளி என்பார்கள். 2008 நவம்பர் 28 விடியற்காலை, நியூயார்க் அருகே வேலி ஸ்ட்ரீமில் ஒரு வால்மார்ட் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு சுமார் 2,000 பேர் உள்ளே பாய்ந்தார்கள். கதவோரம் நின்ற 34 வயதுத் தற்காலிக ஊழியர் மிதிபட்டு இறந்தார். ஆள் பெரிய உடம்புக்காரர் என்பதால்தான் கூட்டத்தைத் தாங்க அவரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அந்த அரசின் பாதுகாப்பு அமைப்பு விதித்த அபராதம் 7,000 டாலர்.

நாலு வருஷம் கழித்து, 2012இல், அங்கே கறுப்பு வெள்ளி முடிந்த மறுநாள், வங்கதேசத்தில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆடை ஆலையில் தீப்பிடித்து 110 பேருக்கு மேல் இறந்தார்கள். படிக்கட்டுகள் எல்லாம் தீ எரிந்த தரைத்தளத்தில்தான் வந்து முடிந்தன, வெளிப்பக்கமாகத் தப்பிக்கும் படி இல்லை. அமெரிக்கக் கடைகளுக்குப் போக வேண்டிய உடைகள் அந்த ஆலையில் கிடந்தன.

வாங்குகிறவர் காசு, வாங்குகிறார். அவருக்கு என்ன நஷ்டம்?

அவர் காசாக இருந்தால் சரி. நான் பார்க்கிற வீடுகளில் அது பெரும்பாலும் குழுக் கடனாகவோ, நகைக்கடனாகவோ, கார்டில் போட்ட தவணையாகவோ இருக்கிறது. தீபாவளி ஒரு நாளில் முடிந்துவிடும், தவணை பங்குனி வரை வரும்.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சொல்லிவிட்டது. வட்டி செயலாக்கக் கட்டணத்தில் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காது. 20,000 ரூபாய் டிவியை ரொக்கத்துக்கு 18,500 என்று தருகிற கடைக்காரர் தவணைக்கு முழு விலை போட்டால், அந்த 1,500தான் வட்டி. வாங்கும் முன் இரண்டு விலையையும் கேளுங்கள்.

தீபாவளிச் சீட்டு இன்னொரு வலி. மாதம் ஐநூறு, ஆயிரம் என்று கட்டினால் பண்டிகைக்கு மளிகை, இனிப்பு, பட்டாசு, வெள்ளிக்காசு என்பார்கள். வட மாவட்டங்களில் இப்படிக் கட்டி ஏமாந்து, காவல் நிலைய வாசலில் நின்ற பெண்கள் ஆயிரக்கணக்கில். சீட்டுப் பதிவு எண் கேளுங்கள். 1982ஆம் வருஷத்துச் சீட்டுச் சட்டப்படி பதிவாகாத சீட்டில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். அதே பணத்தைத் தபால் அலுவலகத் தொடர் வைப்பில் போட்டால் வெள்ளிக்காசு வராது, பணம் பத்திரமாக வரும்.

பக்கத்து வீட்டில் எடுத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டால்?

வீட்டு வரவு செலவைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

நான் ஒருத்தர் மாறுவதால் என்ன ஆகிவிடும்?

உடனே பலன் தெரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கடைசி வாரத்தை விட்டுவிடுங்கள். புரட்டாசியிலேயே, அதுவும் வார நாளில், மதியத்துக்கு முன்னால் போனால் கடை காலியாக இருக்கும். மதுரை தெற்கு மாசி வீதியோ கோவை ஒப்பணக்கார வீதியோ திருச்சி என்.எஸ்.பி. சாலையோ, எல்லா ஊரிலும் இதுதான் நிலை. உங்களுக்கும் தேர்வு செய்ய நேரம் கிடைக்கும், எதிரில் நிற்பவருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

கடைக்குள் போனதும் பட்ஜெட்டையும் நிறத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சேலையைப் பிரிக்க வேண்டியிருக்காது. "நீங்க உக்காந்துக்கங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னால் ஊழியரைத் திட்ட முடியாது. ஷட்டர் இறங்கும் நேரத்தில் உள்ளே நுழையாதீர்கள். பில் போடும் இடத்தில் பரிசுக் கூப்பன், கவர் என்று தகராறு செய்யாதீர்கள், அதை முடிவு செய்வது அந்தப் பையன் இல்லை. கடை நிர்வாகத்திடம் குறை சொல்ல நோட்டு இருந்தால், ஊழியர்களுக்கு இருக்கை இல்லை என்று எழுதி வையுங்கள். நிறையப் பேர் எழுதினால் கடை கவனிக்கும், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது நீங்கள்தான்.

விதிமீறலைக் கண்ணால் பார்த்தால் யாரிடம் சொல்வது?

இருக்கை, வேலை நேரம், விடுமுறை, ஓவர்டைம் பற்றிய புகார் என்றால் உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். கடை பெயர், கிளை, தேதி, நேரம், எந்த மாடி என்பதை எழுதிக் கொடுங்கள். எந்த ஊழியரின் பேரையும் குறிப்பிடாதீர்கள், அவருடைய வேலைக்கு ஆபத்து வரும். அதே காரணத்துக்காக அவருடைய முகம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துப் போடவும் வேண்டாம்.

14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை எங்கே வேலை பார்த்தாலும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் பட்டாசு ஆலையிலோ கிடங்கிலோ வேலை பார்த்தாலும் 1098க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. கடையிலோ ஹாஸ்டலிலோ பெண்களுக்குத் தொந்தரவு என்றால் 181. வீடுகளுக்கு நடுவே பட்டாசு தயாரிப்போ பதுக்கலோ தெரிந்தால் காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள்.